ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள் சித்தப்பா

குழு: வீட்டுப் பாட்டு

சனிக்கிழமை, காலை 7:40

சித்தப்பா: பாப்பா, நீ வியாழக்கிழமை அனுப்பிய ஆல்பத்தை இன்று நடந்துகொண்டே முழுதாகக் கேட்டேன். ‘எ டிரைப் கால்டு க்வெஸ்ட்’ என்ற ஹிப் ஹாப் குழுவின் ‘தி லோ எண்ட் தியரி’. மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பையன்களும் நன்றாகப் பேசுகிறார்கள். தாளம் எங்கேயும் தப்பவில்லை. ஆனால் பாட்டு எங்கே? பின்னால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

தங்கை: எதில் கேட்டீர்கள் சித்தப்பா?

சித்தப்பா: ஃபோனில்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன்: ஃபோன் ஸ்பீக்கரிலா! சித்தப்பா, லோ எண்ட் என்றாலே பேஸ் ஒலிதான். அந்த நகத்தளவு ஸ்பீக்கரில் அவ்வளவு கீழே இருக்கும் ஒலி வரவே வராது. டிரம்மின் மேல் சத்தமும் குரலும்தான் மிஞ்சும். ஆல்பத்தின் உயிரை எடுத்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

தங்கை: அந்த ஆல்பம் டபுள் பேஸ், அந்த ஆளுயரத் தந்தி வாத்தியம், தனியாக வாசிப்பதில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் குரல். நடுவில் ஒரு பாட்டில் ரான் கார்ட்டரே வந்து வாசிக்கிறார். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு பேஸ் வாசித்தவர், சித்தப்பா. 1991இல் இருபது வயதைத் தாண்டிய பையன்கள் அவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்திருக்கிறார்கள்.

தங்கை: இன்னொன்று. முதல் பாட்டின் தொடக்கத்திலேயே அந்த இரண்டு பையன்களில் ஒருவரான க்யூ-டிப் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். ஹிப் ஹாப் கேட்டால் அப்பாவுக்குப் பீபாப், அதாவது அவர் காலத்து ஜாஸ், ஞாபகம் வருமாம். நம் குழுவில் தினமும் நடக்கும் பேச்சு அது. அதனால்தான் உங்களுக்கு முதலில் அதை அனுப்பினேன்.

சித்தப்பா: சரி, ஹெட்போனில் இன்னொரு முறை கேட்கிறேன். ஆனால் எனக்கு உறுத்துவது அது மட்டுமில்லை. யாரோ உழைத்து வாசித்ததை வெட்டி எடுத்து, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அதன்மேல் பேசுகிறார்கள். வாசித்தவருக்கு என்ன மிச்சம்?

அண்ணன்: காசு கொடுக்காமல் எடுத்தது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. 1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கி மேல் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு, கேட்காமல் சாம்பிள் (அப்படி வெட்டிய துணுக்கு) எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால், 1988இல், பப்ளிக் எனிமி என்ற ராப் குழு போட்ட ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ்’ கேட்டுப் பாருங்கள். ஒரே பாட்டுக்குள் துணுக்குக்கு மேல் துணுக்காக அடுக்கியிருப்பார்கள். எது சாக்ஸபோன், எது சைரன் என்றே பிரிக்க முடியாது. இன்றைக்கு அத்தனைக்கும் அனுமதி வாங்கி அப்படி ஒன்றைச் செய்வது நடக்காத காரியம். அந்த ஒலி அந்த ஒரு காலத்தோடு போய்விட்டது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான்: சித்தப்பா, உங்களுக்குப் பிடித்த ப்ளூஸிலும் வரியும் மெட்டும் கை மாறிக்கொண்டேதான் இருந்தன. ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவு செய்த ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’வின் வேர் கோகோமோ அர்னால்டின் 1934 இசைத்தட்டில் இருக்கிறது. அதற்காக யாரும் ஜான்சனைக் குறைத்துச் சொல்வதில்லையே.

சித்தப்பா: ஜான்சன் கேட்டதைத் தன் விரலில் ஏற்றிக்கொண்டார். ஒற்றை ஆள், ஒற்றை கிட்டார். கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். கட்டை விரல் பேஸ் பார்த்துக்கொள்ளும், மற்ற விரல்கள் குரலுக்குப் பதில் சொல்லும். மொத்தமே 29 பாட்டுகள். 27 வயதில் போய்விட்டார். அவர் இறந்து 23 வருடம் கழித்து, 1961இல் அதிலிருந்து 16 பாட்டுகளை எடுத்து ஒரு ஆல்பமாகப் போட்டார்கள். அந்த ஒரு தட்டைக் கேட்டுத்தான் கடல் தாண்டி இருந்த பையன்கள்கூட கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். வெட்டி ஒட்டியதில் அப்படி ஒரு கை தெரியுமா, சொல்.

தங்கை: தெரியும் சித்தப்பா. சாம்பிள்களாலேயே இசை கட்டிய ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’.

தங்கை: 31 துண்டுகள். பெரும்பாலானவை ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பாடகர் என்று யாரும் வரவில்லை. பழைய சோல் பாட்டுகளை எடுத்து, ஒரு குரலை ‘அ’ என்று வாய் திறந்த இடத்திலேயே அறுத்து, அந்த அரைச் சொல்லை வைத்து ஒரு பாட்டையே கட்டியிருப்பார். டிரம் அடி கடிகாரம்போல் விழாது. இம்மியளவு பிந்தி விழும். மூச்சு வாங்குகிற மனிதர் வாசிப்பதுபோல் இருக்கும். அது 2006 பிப்ரவரி 7, அவருடைய 32வது பிறந்தநாள் அன்று வெளிவந்தது. மூன்றே நாளில் இறந்துவிட்டார்.

தங்கை: முதல் துண்டின் பெயரில் முடிவு என்று இருக்கும். கடைசித் துண்டின் பெயர் நிகழ்ச்சிக்கு வரவேற்கிறது. கடைசியிலிருந்து அப்படியே முதலுக்குப் போய்விடலாம். போன வருடம் தேர்வுக்குப் படித்த இரவுகளில் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது எனக்கு. அதைக் கை வேலை இல்லை என்று சொன்னால் மனது ஒப்பவில்லை.

சித்தப்பா: சரிம்மா. கேட்கிறேன்.

அத்தை: காலையிலேயே நூறு செய்தி! இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு ப்ளூஸ் என்றால் பி.பி. கிங்தான். ‘லைவ் அட் தி ரீகல்’. 1964 நவம்பர் 21, சிகாகோவில் ரீகல் தியேட்டர். அதில் கூட்டம் போடும் சத்தத்தைக் கேளுங்கள். அவர் பாடும்போது கிட்டார் வாய் திறக்காது. அவர் ஒரு வரி பாடி நிறுத்தியதும் கிட்டார் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்கு அரங்கில் பெண்கள் கத்துகிறார்கள் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும். ஒரு மனிதர் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல, தெருவே கூடி ஆமாம் என்று சொல்வதுபோல் இருக்கும்.

நான்: அவர் கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வந்த கதையையும் சொல்லுங்கள் அத்தை, பாப்பாவுக்குத் தெரியாது.

அத்தை: 1949, ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊர். குளிருக்காக நடுக்கூடத்தில் மண்ணெண்ணெய் எரித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்கள் சண்டை போட்டு அதைத் தட்டிவிட, இடம் தீப்பிடித்துவிட்டது. எல்லாரும் வெளியே ஓட, இவர் கிட்டாரை எடுக்கத் திரும்பவும் உள்ளே ஓடியிருக்கிறார். சண்டைக்குக் காரணம் லூசில் என்ற பெண் என்று மறுநாள் தெரிந்திருக்கிறது. இனி அப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்ள, கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

தங்கை: அத்தை, இதற்காகவே இன்று கேட்கிறேன்.

அத்தை: நீங்கள் கேட்கும் ஹிப் ஹாப்பில் எனக்குப் பிடிக்காதது கெட்ட வார்த்தைதான். பெண்களைப் பற்றிச் சில பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. அதை நான் கலை என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

தங்கை: எனக்கும் அதில் சம்மதமில்லை அத்தை. நன்றாக இருக்கும் ஆல்பத்திலும் சில பாட்டுகளைத் தாண்டிப் போய்விடுவேன். நீங்கள் லாரின் ஹில்லிலிருந்து தொடங்குங்கள். ‘தி மிஸெஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’, 1998. ராப்பும் அவரே, பாட்டும் அவரே. அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று கிராமி வாங்கியது. அதற்கு முன்னால் எந்த ஹிப் ஹாப் ஆல்பத்துக்கும் அது கிடைத்ததில்லை. மகனுக்காக அவர் பாடிய பாட்டில் கார்லோஸ் சந்தானா கிட்டார் வாசிக்கிறார்.

அத்தை: அனுப்பு.

சித்தப்பா: பாப்பாவுக்கு நானும் ஒன்று தருகிறேன். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், ‘ஃபோக் சிங்கர்’, 1964. மின்சார கிட்டாரால் சிகாகோவையே அதிர வைத்தவர் அதில் சாதாரண கிட்டாரை எடுத்திருக்கிறார். கூடவே இன்னொரு கிட்டாருக்குப் பட்டி கை என்பவர், பேஸுக்கு வில்லி டிக்சன். விளக்கை அணைத்துவிட்டுக் கேள். விரலில் மாட்டிய குழாய் கம்பிமேல் வழுக்கிப் போகும் சத்தம், அது நின்றதும் அறையில் விழும் அமைதி, எல்லாம் கேட்கும். அவர் குரலை உயர்த்தும்போது சுவர்வரை போய்த் திரும்பி வருவது தெரியும்.

நான்: என் ஓட்டு அவருடைய ‘எலக்ட்ரிக் மட்’ ஆல்பத்துக்கும் உண்டு.

சித்தப்பா: அதை இங்கே எடுக்காதே! 1968இல் வியாபாரத்துக்காக அவர்மேல் திணித்தது. கிட்டார் எல்லாம் ஊளையிடுகிறது. மடி வாட்டர்ஸுக்கே அது பிடிக்கவில்லை.

நான்: பிடிக்கவில்லைதான். ஆனால் சக் டி ப்ளூஸுக்குள் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான், சித்தப்பா. அண்ணன் சொன்ன பப்ளிக் எனிமியின் சக் டி. அந்தத் தட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பின்னோக்கிப் போய் மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். 2003இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், ‘எலக்ட்ரிக் மட்’டில் வாசித்தவர்களைத் திரும்பவும் ஒன்றுசேர்த்து, அவரும் ராப்பர் காமனும் அவர்களோடு ‘மானிஷ் பாய்’ செய்தார்கள். நீங்கள் வெறுக்கும் தட்டு இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

சித்தப்பா: சக் டியா? இது எனக்குப் புது விஷயம்.

சித்தப்பா: தட்டு பிடிக்காது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த விஷயம் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை, இரவு 9:15

சித்தப்பா: ஹெட்போனில் கேட்டேன். இரண்டு முறை.

சித்தப்பா: முதல் நாலு அடியிலேயே பிடிபட்டுவிட்டது. அந்த டபுள் பேஸ்! காலையில் இது எங்கே போயிருந்தது? ஒரு பெரிய ஆள் வீட்டுக்குள் நிதானமாக நடந்து வருவதுபோல் இருக்கிறது. அப்புறம்தான் அந்தப் பையன் பேச்சு ஏன் அப்படி விழுகிறது என்று புரிந்தது. பேஸ் காலெடுத்து வைக்கும் இடத்தில் அவன் சொல்லை வைக்கிறான். காலையில் நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை: சித்தப்பா!! ❤️❤️❤️

தங்கை: நானும் இருட்டில் ‘ஃபோக் சிங்கர்’ கேட்டேன். ஒன்று கவனித்தேன். அதே வரியை இரண்டு முறை பாடிவிட்டுத்தான் மூன்றாவது வரிக்கு வருகிறார். முதலில் எனக்குப் பொறுமை இல்லை. நாலைந்து பாட்டுக்குப் பிறகு, இரண்டாவது முறை பாடும்போதே மூன்றாவதில் என்ன வரப்போகிறது என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன்: ராப்பில் அப்படி அடியை அமைக்கும் விதத்தைத்தான் ராக்கிம் வந்தபோது மாற்றினார். 1987, ‘பெய்ட் இன் ஃபுல்’. அதற்கு முன்னால் அடியின் கடைசியில் இயைபு வரும், அதோடு சரி. இவர் அடியின் நடுவிலேயே எதுகையும் இயைபுமாகக் கோத்து, அடுத்த அடிக்கு வழியவிடுவார். கத்தவே மாட்டார். சாக்ஸபோன் வாசித்துப் பழகியவர், அந்த மூச்சு பேச்சிலும் இருக்கும்.

நான்: எல்லாரும் இருக்கிறீர்களா? ஒன்று சொல்ல இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ராப்பர் நாஸின் ‘இல்மாட்டிக்’, 1994. பத்தே தடங்கள், 40 நிமிடம். அப்போது அவருக்கு 20 வயது. நியூயார்க்கில் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் ஒரு ஜன்னலிலிருந்து தெரிவதை எல்லாம் சொல்கிறார். ஒரு பாட்டு முழுவதும் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம்.

நான்: அதில் மூன்றாவது தடம். பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒரு கார்னெட், டிரம்பெட் மாதிரி ஊதுகிற வாத்தியம், வருகிறது. அவசரமே இல்லாமல், ஊதுபவர் தனக்குள்ளே பேசிக்கொள்வதுபோல். நான் வருடக்கணக்கில் அதையும் சாம்பிள் என்றே நினைத்திருந்தேன். அது அவருடைய அப்பா, ஓலு தாரா. மிசிசிப்பியில் நாட்செஸ் ஊர்க்காரர்.

சித்தப்பா: நாட்செஸா? அது ப்ளூஸ் மண்ணாயிற்றே.

நான்: ஆமாம். ஜாஸும் ப்ளூஸும் வாசித்தவர். 2004இல் அப்பாவும் மகனும் ‘பிரிட்ஜிங் தி கேப்’ என்று சேர்ந்தே ஒரு பாட்டு செய்தார்கள். அப்பா மடி வாட்டர்ஸ் பாணியில் பாட, மகன் ராப். ஆனால் எனக்கு அந்தப் பாட்டைவிட 1994இன் கார்னெட்தான். மகன் இருபது வயதைத் தொட்டதே ஒரு வரம் என்று சொல்கிறான். அப்பா பேசவில்லை, ஊதுகிறார். அந்த இடத்தில் என்னால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது.

அத்தை: அதை இப்போதே அனுப்பு. கெட்ட வார்த்தை இருந்தாலும் பரவாயில்லை, கேட்கிறேன்.

அண்ணன்: நாளை இரவு 9 மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன? அவரவர் வீட்டில், ஹெட்போன் போட்டுக்கொண்டு. நான் மூன்று எண்ணுகிறேன், ஒன்றாகத் தொடங்குவோம்.

சித்தப்பா: நான் தயார். அதற்கடுத்த வாரம் அக்காவின் ரீகல்.

தங்கை: அதற்கடுத்த வாரம் ‘டோனட்ஸ்’!

அத்தை: சரி, எல்லாம் சரி. மூன்றாவது பாட்டில் அந்தக் கார்னெட் முடிகிறவரை யாரும் இங்கே ஒரு எழுத்துகூடத் தட்டக் கூடாது. முக்கியமாக நீ, தம்பி.