வடிசாலையா, வாலையகமா? ஸ்பேசைடு கையேட்டுக்கு ஒரு சொல்

கி. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். ஸ்காட்லாந்தில் விஸ்கி காய்ச்சுவதற்குப் பேர்போன ஸ்பேசைடுக்கு ஒருநாள் சுற்றுலா போகிறவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கீத் ஊரில் 1786இல் தொடங்கிய ஸ்ட்ராத்ஐலா டிஸ்டில்லரி, டஃப்டவுனில் கிளென்ஃபிடிக் டிஸ்டில்லரி, கிரெய்கெலாக்கியில் தாமஸ் டெல்ஃபோர்டின் வார்ப்பிரும்புப் பாலம், அதே ஊரில் பீப்பாய்ப் பட்டறை என்று பாதை போகிறது. வரிக்கு வரி டிஸ்டில்லரி வருகிறது. 'சாராய ஆலை' என்று எழுதக் கை வரவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

ப. எழுதியது:
'வடிசாலை' இருக்கிறதே! இலங்கையில் புழங்கும் சொல். படித்தவுடன் புரியும்.

ம. எழுதியது:
புரியும், ஆனால் துல்லியம் இல்லை. சோறு வடிப்பதும் சிலை வடிப்பதும் அதே வினைதான். காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறக்கும் கலத்துக்குச் சித்த மருத்துவத்தில் 'வாலை' என்று பெயர். ஓமத் தீநீர் அதில்தான் இறங்குகிறது. ஸ்பேசைடின் செம்புக் கலமும் வாலையேதான். அதன் கழுத்து நெடிதாக இருந்தால் கனத்த ஆவி மேலேற மாட்டாமல் கலத்துக்குள்ளேயே திரும்பி விழும். இறங்குவது மென்மையாக இருக்கும். ஆகவே 'வாலையகம்'.

ப. எழுதியது:
ஐயா, சுற்றுலா வாசகர் அதை 'வால்' என்பதோடு ஐயுருபு சேர்ந்ததாகத்தான் படிப்பார். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்க முடியுமா?

செ. எழுதியது:
சங்கத் தமிழை விட்டுவிட்டீர்கள். புறநானூறு 56இல் யவனர் தந்த தேறல் வருகிறது. 'தேறலகம்' எனலாமே?

ம. எழுதியது:
தேறல் புளித்துத் தெளிந்த கள், செ. அக்கா. அது அடுப்பேறியதில்லை. ஆனால் புறநானூறு 120இல் 'நிலம் புதைப் பழுனிய' தேறல், அதாவது மண்ணில் புதைத்து முதிரவைத்தது, உண்டு. ஸ்காட்ச் விஸ்கி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கிடப்புக்குப் 'பழுனல்' என்றே வைக்கலாம்.

செ. எழுதியது:
பழுனல் அருமை! அப்புறம், பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறதே, அங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள். அதற்கு 'வானோர் பங்கு' எப்படி? கிடங்குச் சுவரில் கரும்பூஞ்சை படிவதும் அந்த ஆவியால்தான்.

ப. எழுதியது:
அது சரி, கேட்டது டிஸ்டில்லரிக்கு. உரிமம் பெற்றுக் காய்ச்ச வழிசெய்த 1823 சட்டம் வரும்வரை கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் திருட்டுத்தனமாகத்தான் காய்ச்சினார்கள். மறுஆண்டு அங்கே ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உரிமம் வாங்கினார். அந்தப் பத்தியில் 'காய்ச்சினார்கள்' என்றே எழுதுங்கள், உரிமம் வந்த பிறகு 'வடிசாலை' என்று மாற்றுங்கள். வேறுபாடு தானே விளங்கும்.

கி. எழுதியது:
நன்றி. பெரும்பாலோர் தனிமடலிலும் வடிசாலையையே சொன்னார்கள். அதையே போடுகிறேன். செம்புக் கலத்துக்கு வாலை, விளக்கத்தோடு. 'வானோர் பங்கு' உண்டு. பழுனலுக்குப் பதில் 'முதிர்வு'.

ம. எழுதியது:
முதிர்வு வங்கி வைப்புக்குச் சொல்வது. கலத்தை வாலை என்று ஏற்றுவிட்டு, அது நிற்கும் கட்டடத்தை வடிசாலை என்பது எந்த முறை? உடன்பாடில்லை.