மறு: கியரில்லாத ஸ்கூட்டரின் சிவிடி அமைப்புக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

110 சிசி ஸ்கூட்டரின் விவரக்குறிப்பைத் தமிழாக்கும் பணியில், எஞ்சினின் சுழற்சியைத் தொடர்ந்து மாறும் விகிதத்தில் சக்கரத்துக்குக் கடத்தும் சிவிடி (CVT) என்ற அமைப்புக்குப் 'பல்லிணையற்ற செலுத்தம்' (பல்லிணை என்றால் கியர்) என்று முன்வைக்கப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. 'கியர் இல்லாத வண்டி' என்பது பேச்சு வழக்கில் பொருந்தும். ஓட்டுபவர் கியர் மாற்றுவதில்லை என்பதே அதன் பொருள். ஆனால் அவ்வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி, சுழற்சியைக் குறைத்துத் தரும் பற்சக்கரங்கள் இருக்கின்றன. இருப்பதை இல்லை என்று சொல்லும் கலைச்சொல், பழுதுபார்க்கக் கற்கும் மாணவரைத் தொடக்கத்திலேயே தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

அமைப்பின் செயலைப் பார்ப்போம். ஒரு பெல்ட்டால் இணைந்த இரண்டு கப்பிகளில், எஞ்சினோடு சேர்ந்த முன்கப்பி இரண்டு தட்டுகளால் ஆனது. எஞ்சின் வேகம் கூடும்போது அதனுள் இருக்கும் ரோலர்கள் மையவிலக்கு விசையால் வெளிப்புறம் நகர்ந்து ஒரு தட்டை மற்றதை நோக்கித் தள்ள, இடையில் ஓடும் பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாததால், பின்கப்பியில் அது சுருள்வில்லின் அழுத்தத்தை மீறித் தட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இவ்வாறு இரு கப்பிகளின் சுழற்சி விகிதம் முதல் கியர், இரண்டாம் கியர் என்று தாவாமல் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் தன் சிறு காரில் வைத்ததும், 1984-இல் வெளிவந்த 98 சிசி கைனடிக் ஹோண்டாவில் நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்ததும் இதே தத்துவம்தான்.

ஆகவே சொல்லில் இடம்பெற வேண்டியவை இரண்டு: மாறுவது விகிதம், அம்மாற்றத்தில் படிகள் இல்லை. 'தொடர்மாறு' என்ற அடை இலக்கணப்படி சரியானதே. எனினும் கியர் மாற்றத்தைப் படியேறுவதாகவே எண்ணிப் பழகிய நமக்கு 'படியிலா' என்பது கேட்டவுடன் விளங்கும். 'வேகமாற்றி' என்றால் ஆக்சிலரேட்டரோடு குழம்பும். எனவே 'படியிலா விகிதமாற்றி' என்பதை முன்மொழிகிறேன்.

கப்பி என்ற சொல்லைக் கைவிடவே கூடாது. கிணற்றில் கயிறு ஓடிய அதே பள்ளம்தான் இங்கே அகலம் மாறும் பள்ளமாக இருக்கிறது. புதுச்சொல் தேடுவது வீண்வேலை.

எஞ்சின் 'கொள்ளளவு' என்பதையும் மாற்ற வேண்டும். அதே பட்டியலில் பெட்ரோல் தொட்டிக்கும் அச்சொல் வருகிறது. ஆக்டிவா 6ஜி வண்டியில் 47 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் ஏறக்குறைய 63.1 மி.மீ. தொலைவு நகர்வதால் கடக்கும் இடமே 109.51 சிசி, ஆதலால் 'வீச்சுக் கனஅளவு' என்பது பொருந்தும்.

எனக்கு மிகுந்த தயக்கம் தருவது ரோலர்தான். 'உருளை' என்றால் சிலிண்டருக்கும் அதுவே வழங்குகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறுவார். மெக்கானிக்குகள் அதை 'வெயிட்' என்றே சொல்கிறார்கள், அதன் எடையைக் கூட்டிக் குறைத்தே வண்டியின் இழுவையையும் திருத்துகிறார்கள். அவர்கள் பார்வையைப் பின்பற்றி, மையத்திலிருந்து விலகும் எடை என்ற பொருளில் 'விலகெடை' என்று வினைத்தொகையாக ஆக்கியிருக்கிறேன். ஒலிப்பதற்கு இது கடினமாகத் தோன்றினால், உருளையைத் தவிர்த்த வேறொரு சொல்லைத் தருமாறு வேண்டுகிறேன்.