சோலாரில் வெல்டிங்: கொடைக்கானல் மேல்மலை அனுபவம்

மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் மின்கம்பம் எட்டாத தோட்டங்களில் எனக்கு வெல்டிங் வேலை அடிக்கடி வரும். காட்டுமாடு முட்டிச் சாய்த்த கேட்டைப் பட்டறைக்குச் சுமந்து வர முடியாது. நாம்தான் போக வேண்டும். முன்பு ஒற்றையடிப் பாதையில் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். இப்போது ஒரு தோட்டத்தில் முழு வேலையும் சோலாரிலேயே முடிகிறது.

"எத்தனை பேனல் வேண்டும்?" என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். அதற்கு முன் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பாருங்கள். வெல்டிங் ராடு இரும்பைத் தொட்ட நொடியில் மெஷின் வெடுக்கென்று இழுக்கும். கையை எடுத்ததும் விட்டுவிடும். அந்த இழுப்பைத் தாங்குபவை இவை இரண்டும்தான்.

2.5 மி.மீ. தடிமனுள்ள 6013 வகை ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால், பொறி எரியும் இடத்தில் 23 வோல்ட் அளவில் இருக்கும். அதாவது 1,850 வாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 2,300 வாட் வரை போகும். சிறிய ஐஜிபிடி (மின்னணு வகை) வெல்டிங் மெஷின்களுக்குப் பவர் ஃபேக்டர் குறைவு, அதாவது உண்மையில் செலவாகும் வாட்டைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் இன்வெர்ட்டரின் மேல் விழும் சுமை 3 கேவிஏவை (3,000 வோல்ட்-ஆம்பியரை) தாண்டிவிடும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்து இன்வெர்ட்டர் சரியாகக் குளிராது. 1,000 மீட்டருக்கு மேல் திறனைக் குறைத்தே கணக்கிட வேண்டும். இந்தத் தோட்டக்காரர் 5 கேவிஏ இன்வெர்ட்டரும் 48 வோல்ட் பேட்டரியும் போட்டிருக்கிறார். மிகச் சரியான முடிவு. 12 வோல்ட்டில் இதே வேலைக்குப் பேட்டரி 200 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும், கேபிள் கொதித்துவிடும்.

பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் செட்டைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். சுவிட்சைப் போட்டதுமே இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

வேலையைக் காலையிலேயே தொடங்கிவிடுவேன். வெயில் இருக்கும்போது பேனலே பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். மதியம் மூடுபனி ஏறினால் திரையில் பேனல் வாட் மளமளவென்று இறங்குவதைப் பார்க்கலாம். அதற்குமேல் பற்றவைப்பு வேண்டாம், கசடு தட்டித் தேய்க்கும் வேலை போதும் என்று வைத்துக்கொள்வேன். பனிக்காலத்தில் இன்னொன்றும் உண்டு: குளிரில் பேனலின் வோல்ட் கூடும். கீழ்நாட்டுக் கணக்கில் வரிசையாக இணைத்தால் உறைபனி விழும் விடியலில், பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜைச் சீராக அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலரின் வோல்ட் எல்லையைத் தாண்டிவிடலாம்.

*

தாண்டிக்குடியிலிருந்து: அண்ணே, எங்கள் காப்பித் தோட்டத்திலும் 5 கேவிஏதான், பேட்டரியும் புதிது. கேட் பக்கம் போனால் மட்டும் ராடு ஒட்டிக்கொள்கிறது. ஷெட்டுக்குள் நன்றாக ஓடுகிறது.

*

தம்பி, எக்ஸ்டென்ஷன் வயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். 1.5 சதுர மி.மீ. வயரை 50 மீட்டர் இழுத்தால், மெஷின் வயரிலிருந்து இழுக்கும் 14 ஆம்பியரில் போக வரச் சேர்த்து 15 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதனால்தான் ராடு ஒட்டுகிறது. 4 சதுர மி.மீ. வாங்குங்கள். சுருளாகக் கிடக்காமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். பேட்டரி லித்தியமா? அப்படியானால் அதை ஷெட்டுக்கு உள்ளேயே வையுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். தாண்டிக்குடியில் அவ்வளவு குளிர் இருக்காது. மேல்மலை நண்பர்கள்தான் கவனிக்க வேண்டும்.