ராக் யூனிட்டுக்குக் ‘கணு’ பொருந்துமா? வீட்டு ஒலி-ஒளிக் கருவிச் சட்டகத்துக்கான சொற்கள்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஒலி-ஒளிக் கருவிகளைத் துளையுள்ள தூண்களில் பொருத்தும் ‘ராக்’குக்கும் அதன் அளவுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்று போன வாரம் நான் கேட்டதற்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ‘ராக்’ என்பதற்கு அலமாரி, அடுக்கு, தாங்கி, நிலையடுக்கு என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு அவசரமாக வேண்டியது, ராக்கின் உயரத்தை அளக்கும் ‘யூ’ (U, ராக் யூனிட்) என்ற ஒற்றை ஆங்கில எழுத்துக்கு ஒரு சொல். ‘கணு’ என்பது என் முன்மொழிவு. ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் உறவினர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தில் ரிசீவர் (ஒலிபெருக்கிகளை இயக்கும் கருவி), செட்டாப் பாக்ஸ், விளையாட்டுப் பெட்டி, ரவுட்டர், யூபிஎஸ் ஐந்தையும் ஒரே சட்டகத்தில் பொருத்துவதாகத் திட்டம். 12 யூ போதும். தச்சருக்கு அளவு எழுதிக் கொடுத்தேன். 12 என்று எழுதிப் பக்கத்திலேயே அந்த ஆங்கில எழுத்தைப் போட்டேன். அவசரக் கையெழுத்தில் எழுத்தின் வாய் மூடிக்கொண்டது. அவர் கண்ணுக்கு அது 120. அந்தத் தாளில் மற்ற அளவுகள் எல்லாம் சென்டிமீட்டரில்தான் இருந்தன. 53 சென்டிமீட்டர் உயரத்துக்கு வர வேண்டிய திறப்பை 120-க்கு வெட்டி, ஓரப்பட்டியும் ஒட்டி முடித்திருந்தார். “நீங்கதானே தம்பி எழுதிக் குடுத்தீங்க” என்று தாளை நீட்டினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்கு இலக்கணம் தெரிந்த நாம் ஒரு சொல்லைக் கொடுக்காமல் விட்டதால் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று வீணாயிற்று.

அந்த அளவு என்ன என்பதைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மாட்ட இரும்புத் தூண்கள் வைத்தார்கள். ‘ரிலே ராக்’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அதில் மாட்டும் கருவியின் முகப்புத் தகட்டு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். அந்த அகலம் இன்றுவரை மாறவில்லை. ஈஐஏ-310, ஐஇசி 60297 ஆகிய தரங்கள் அதை வரையறுக்கின்றன. உயரத்தில் ஒரு யூ என்பது ஒன்றேமுக்கால் அங்குலம், 44.45 மில்லிமீட்டர். ஒவ்வொரு யூவுக்கும் தூணில் மூன்று துளைகள்.

இந்த மூன்று துளைதான் என்னைக் ‘கணு’வுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. துளைகள் சம இடைவெளியில் இல்லை. 15.9, 15.9, 12.7, பிறகு மீண்டும் 15.9, 15.9, 12.7 மில்லிமீட்டர் என்று போகும். கையை வைத்துத் தடவினால் தெரியும்: இரண்டு துளைகள் கொஞ்சம் நெருங்கி நிற்கும், அடுத்தது தள்ளி நிற்கும். நெருங்கி நிற்கும் அந்த இரண்டுக்கும் நட்டநடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. ஒரு மூங்கிலை எடுத்துப் பாருங்கள். கணு இருக்கும் இடத்தில் இரண்டு வளையங்கள் நெருக்கமாக ஓடும்; அப்புறம் நீளமாக வழவழப்பு; அப்புறம் மறுபடி இரட்டை வளையம். சட்டகத்தின் கால் அப்படியே மூங்கில்.

இனி, ‘கணு’வுக்கு வந்த மறுப்புகள்.

> கணு என்பது மூட்டு. இரண்டு கணுவுக்கு இடையே உள்ள நீளம் ‘கணுவிடை’. தாவரவியல் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மூட்டின் பெயரை நீளத்துக்கு வைக்கலாமா?

பாடநூல் வரையறை சரியே. ஆனால் பேச்சில் கணு எப்போதும் நீளமாகவும் இருந்திருக்கிறது. பொங்கலன்று கரும்பை ஒடிக்கும்போது “எனக்கு ரெண்டு கணு குடு” என்று கேட்கும் குழந்தை மூட்டைக் கேட்கவில்லை. உலையில் அரிசிக்கு மேல் “விரல்ல ஒரு கணு தண்ணி நிக்கணும்” என்று என் அத்தை சொல்வார். அங்கே அது சுத்தமான அளவு. ஆகவே ‘கணுவிடை’ என்று நீட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். தச்சர் வாயில் ஒரே மூச்சில் வர வேண்டும்.

> வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கருவியையும் குறிக்கும் ‘நோடு’ என்பதற்குக் கணு என்று ஏற்கெனவே புழங்குகிறோம். ரவுட்டரும் ஸ்விட்சும் அதே சட்டகத்தில்தானே இருக்கும்?

இதுதான் வலுவான மறுப்பு. இரண்டு நாள் யோசித்தேன். “இந்தச் சட்டகத்தில் 12 கணு உள்ளது” என்று எழுதினால் பன்னிரண்டு கருவிகளா, உயரமா என்று உண்மையிலேயே குழப்பம் வரும். அதனால் ஒரு ஆவணத்தில் முதல் முறை வரும்போது ‘கணு உயரம்’ என்று எழுதுவோம், பிறகு கணு. ‘4 கணு உயர ரிசீவர்’ என்பதில் யாருக்கும் வலையமைப்பு நினைவு வராது.

‘படி’ என்று முன்மொழிந்த நண்பருக்கு: கொலுப்படி மாதிரி என்று நீங்கள் சொன்ன உவமை அழகாக இருக்கிறது, முதலில் நானும் மயங்கினேன். ஆனால் கொலுவில் பொம்மை ஒரு படியின் மேல் உட்காரும். நான்கு படியை ஒரே பொம்மை அடைத்துக்கொள்ளாது. இங்கே ரிசீவர் நான்கு அளவை அடைக்கிறது. ‘கண்’ என்ற சொல்லையும் ஒருவர் மேட்டூர் அணையின் 16 கண் மதகைக் காட்டி எழுதியிருந்தார். நல்ல சொல், திறப்பு என்ற பொருளும் சரி. ஆனால் சல்லடைக்கும் வலைக்கும் நாம் சொல்லும் கண் ஓட்டைதான். ஒரு ‘கண்’ணுக்குள் மூன்று ஓட்டை என்று சொன்னால் கேட்பவர் ஓட்டையைத்தான் எண்ணத் தொடங்குவார்.

ராக்குக்கு வருவோம். ‘அடுக்கு’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுக்குப்பானையில் மேல்பானையின் பாரம் கீழ்ப்பானையின் மேல். சட்டகத்தில் ஒன்றின் மேல் ஒன்று உட்காருவதே இல்லை. ஒவ்வொன்றின் பாரத்தையும் கால்கள்தான் வாங்குகின்றன. வேறுபாடு சிறிது போலத் தெரியும், ஆனால் அடுக்கு என்று சொன்ன வீடுகளில் ரிசீவரின் தலைமேலேயே செட்டாப் பாக்ஸை வைத்து விடுகிறார்கள், காற்று போகும் துளைகள் அடைபட்டுப்போகின்றன. ‘கருவிச் சட்டகம்’ என்றால் சட்டம் போட்டு நிறுத்தியது என்று புரிகிறது. அதன் துளையுள்ள தூணுக்கு ‘நிலைக்கால்’. கதவு நிலையின் இரு பக்க மரத்துக்குத் தச்சர்கள் இன்றும் சொல்லும் பெயர் அது, நாம் புதிதாகப் படைக்க வேண்டியதே இல்லை.

சொல் நடக்கிறதா என்று பார்க்க, மதுரை வீட்டின் அமைப்பை இந்தச் சொற்களிலேயே எழுதிப் பார்த்தேன்.

கணுக்களைக் கீழிருந்து எண்ணுக. 1, 2: யூபிஎஸ். பேட்டரி பாரம் அடியில் இருந்தால் சட்டகம் ஆடாது. 3-ஆம் கணுவில் ஒரு தட்டு. அதன்மேல் 4, 5 வரை செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், விளையாட்டுப் பெட்டி பக்கத்தில் பக்கத்தில். 6: துளையிட்ட தகடு. 7: தட்டு. 8 முதல் 11 வரை ரிசீவர். 12: இரண்டு சிறு விசிறி பொருத்திய தகடு, அதற்கு நேர் மேலே பலகையில் காற்று வெளியேறத் திறப்பு.

ரிசீவரைத் தட்டின் மேல் வைக்கக் காரணம் உண்டு. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 19 அங்குல முகப்போடு வருவதில்லை. இந்த ரிசீவரின் அகலம் 435 மில்லிமீட்டர். நிலைக்கால்களுக்கு இடையே 450 கிடைக்கிறது, உள்ளே நுழைந்துவிடும். உயரம் 171, நான்கு கணு என்பது 177.8. ஆழத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருவியின் ஆழத்தோடு பின்னால் கேபிள் வளைய இன்னும் நான்கு அங்குலமாவது விட வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளைச் சுவரோடு அழுத்தி மடித்தால் செருகும் வாய் தளர்ந்துவிடும்.

சூடான கருவி மேலே, பாரமான கருவி கீழே என்பார்கள். இரண்டும் ஒரே கருவியாக இருந்தால்? ரிசீவர் பாரமும்தான், சூடும்தான். நான் சூட்டுக்கே முதலிடம் தருவேன். படம் ஓடும்போது சட்டகத்துக்குள் எல்லாம் சேர்ந்து 300 வாட் வெப்பமாக வெளியேறினால் அது மணிக்கு 1,020 பிடியூ (ஏசியின் திறனைச் சொல்லும் வெப்ப அலகு) அளவு. ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. சித்திரை மாதத்து மதுரையில், கதவு மூடிய பொந்துக்குள் அந்தச் சூட்டைக் கீழே வைத்தால் மேலே உள்ளதெல்லாம் வேகும்.

பின்பக்கம் 230 வோல்ட் ஒயர்கள் இடது நிலைக்காலோடும், ஒலி கேபிள்கள் வலது நிலைக்காலோடும் இறங்குகின்றன. குறுக்கே போயே தீர வேண்டிய இடத்தில் செங்குத்தாக வெட்டிப் போகின்றன. இணையாக ஓடவிட்டால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலிபெருக்கியில் வண்டு மாதிரி கேட்கும். அந்த ஓசைக்கு ‘முரல்’ என்று வைக்கலாம் என்பது என் ஆசை. அது தனி இழையில்.

எந்தக் கணுவில் எது என்று காட்டும் படத்துக்குக் ‘கணுப்படம்’ என்று பெயரிட்டேன். ‘அமைப்பு வரைபடம்’ என்ற பரிந்துரையும் வந்தது. ஆனால் அது வீட்டுக்கும் சொல்லலாம், ஊருக்கும் சொல்லலாம். இடைவெளியை அடைக்கும் தகடு ‘மூடுதகடு’. நிலைக்காலின் சதுரத் துளையில் சொருகும் கூண்டுள்ள நட்டு ‘கூண்டு நட்டு’. பொருத்துபவர்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். துளையிட்ட தகட்டுக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. ‘மூச்சுத் தகடு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘சாளரத் தகடு’ என்றும் பார்த்தேன். உங்கள் கருத்து வேண்டும்.

வேலை நடந்தபோது 7-ஆம் கணுவின் தட்டை உதவியாளர் ஒரு துளை தள்ளி, நடுத்துளையில் தொடங்கி முடுக்கிவிட்டார். ரிசீவர் போனதும் 12-இல் விசிறித் தகடு உட்காரவில்லை, திருகும் துளையும் பொருந்தவில்லை. “நெருக்கமா ரெண்டு துளை இருக்குல்ல, அதுக்கு நடுவுலதான் கணு. அதுக்கு மேல இருந்து தொடங்குங்க” என்றேன். டார்ச் அடித்துப் பார்த்துத் தானே கழற்றி மாட்டினார். புதிய கணுப்படத்தைத் தச்சரிடமும் கொடுத்தேன். ‘12 கணு = 53.3 செ.மீ.’ என்று முழுதாக எழுதியிருந்தேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, அடிப்பலகை கனம் போக எண்ணணுமா, சேத்து எண்ணணுமா?”

போக என்றேன். அந்த வரியையும் படத்தில் சேர்த்துவிட்டேன். அடுத்த மடலில் இணைத்து அனுப்புகிறேன்.