எறி ஈட்டியா, நீள வில்லா? உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டி அண்ட் டி-யின் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி, எறி ஈட்டியை மட்டுமே நம்பி ஒரு ஃபைட்டரை (போர்வீரன் பாத்திரம்) ஆறாம் லெவல் வரை கொண்டுவந்திருக்கிறேன். 2020-இல் டாஷா என்ற கூடுதல் விதிப் புத்தகத்தில் வந்த 'த்ரோன் வெப்பன் ஃபைட்டிங்' ஸ்டைல் (ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் சண்டை முறை) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். ஒரு டர்னில் ஒரு ஆயுதத்தைத்தான் இலவசமாக உருவ முடியும். ஐந்தாம் லெவலில் இரண்டு அட்டாக் கிடைத்தும், இரண்டாவது ஈட்டி முதுகிலேயே இருக்கும். அந்த ஸ்டைல் எடுத்தால் எறியும்போதே உருவிக்கொள்ளலாம், டேமேஜிலும் +2 சேரும்.

கணக்குப் பார்த்தால் ஈட்டி அவ்வளவு பின்தங்கவில்லை. ஸ்டாட் (தாக்கும் பண்பின் மதிப்பு) 18, எதிரியின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 16 என்று வையுங்கள். கிரிட்டிக்கலை (20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் டேமேஜ்) விட்டுவிட்டால் இரண்டு ஈட்டிக்குச் சராசரி டேமேஜ் 11.4. ஆர்ச்சரி ஸ்டைலோடு (வில்லாளிக்கான சண்டை முறை) இரண்டு அம்புக்கு 11.9. ஷார்ப்ஷூட்டர் ஃபீட் (கூடுதல் திறன்) வந்த பிறகுதான் வில் 16.65-க்குத் தாவுகிறது. அதன் −5/+10 (உருட்டலில் 5 குறைத்து டேமேஜில் 10 கூட்டுவது) எறி ஈட்டிக்குக் கிடையாது. விதிப்படி அது கைகலப்பு ஆயுதம், எறிந்தாலும் அப்படித்தான்.

என்னை உட்கார வைத்தது மாண்டிகோர் என்ற பறக்கும் மிருகம் ஒன்று. 90 அடி தள்ளிப் பறந்துகொண்டே டர்னுக்கு மூன்று முள் வீசியது. ஈட்டிக்கு 30 அடிதான் நல்ல தூரம், அதற்கு மேல் 120 வரை டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). 70 சதவீதம் பட வேண்டிய எறி 49-க்கு இறங்கியது. அதனிடம் 24 முள், எட்டுச் சுற்றுக்குப் போதும். என்னிடம் எட்டு ஈட்டி, நாலே சுற்று. எங்கள் குழுவின் வில்லாளிதான் அதை வீழ்த்தினார்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து நீரில் மூழ்கிய குகையில் மீன் போன்ற பூதங்களான சஹுவாகின்கள் சூழ்ந்துகொண்டன. தண்ணீருக்கடியில் வில்லுக்கு எப்போதும் டிஸ்அட்வான்டேஜ், நல்ல தூரத்தைத் தாண்டினால் தானாகவே மிஸ். ஈட்டிக்கு 30 அடிக்குள் எந்தக் குறையும் இல்லை, குத்தினாலும் இல்லை. அடிபட்டவர்மேல் அவற்றுக்கு அட்வான்டேஜ் (இரண்டு உருட்டலில் பெரியது) கிடைக்கும் என்பதால், கேடயத்தோடு முன்னால் நின்று, காயம்பட்ட எங்கள் பூசாரியான கிளெரிக்கைப் பின்னால் தள்ளிவிட்டு எறிந்தேன். கடைசி ஈட்டியை எறியாமல் கையிலேயே வைத்துக் குத்தி முடித்தேன். அந்த இரவுக்காகவே இந்த பில்டை விட மனசு வரவில்லை.

———

மாண்டிகோர் கதையைப் படித்ததும் எங்கள் கோபுரச் சண்டை நினைவுக்கு வந்தது. நான் நீள வில் ஃபைட்டர், ஷார்ப்ஷூட்டர் உண்டு. பூதங்களான ஹாப்காப்ளின்கள் 300 அடியிலிருந்து ஓடி வந்தன. டேஷ் (இரட்டை ஓட்டம்) போட்டாலும் சுற்றுக்கு 60 அடிதான், ஆக எனக்கு ஐந்து சுற்று, பத்து அம்பு. ஏசி 18 என்றாலும் −5 போட்டே எய்தேன். பட்டால் குறைந்தது 15 டேமேஜ், அவற்றுக்கு 11 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). பத்தில் நான்கு பட்டன, நான்கும் விழுந்தன. உங்கள் ஈட்டிக்குக் கடைசி இரண்டு சுற்றுதான் மிஞ்சியிருக்கும் அண்ணா.

கதவு உடைந்த பிறகு நிலைமை வேறு. ஐந்து அடிக்குள் எதிரி நின்றால் வில்லுக்கு டிஸ்அட்வான்டேஜ், விலகிப் போனால் ஒரு வெட்டு வாங்க வேண்டும். இரண்டு கையும் வில்லில் இருந்ததால் கேடயமும் இல்லை. வில்லைப் போட்டுவிட்டு ரேப்பியர் வாள் எடுத்தேன். அப்போது பக்கத்தில் ஈட்டிக்காரர் ஒருவர் இருந்திருந்தால் என்று உண்மையாகவே ஏங்கினேன்.

———

ரோக் (திருடன் பாத்திரம்) ஆடுகிறவர்கள் ஈட்டியை மறந்துவிடுங்கள், அதில் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் டேமேஜ் டைஸ்) கிடையாது. எறிகத்தியில் உண்டு. நான் இரண்டு கையிலும் கத்தியோடுதான் சண்டையைத் தொடங்குவேன். முதல் எறி தவறினால் அதே டர்னிலேயே போனஸ் ஆக்‌ஷனில் இரண்டாவது. அது பட்டால் ஸ்னீக் டைஸ் முழுசாக விழும். போன மாதம் ஒரு மந்திரவாதி மந்திரத்தைத் தாங்கிப் பிடித்திருந்த கான்சன்ட்ரேஷனை அந்த இரண்டாவது கத்திதான் உடைத்தது, காற்றில் தூக்கி வைத்திருந்த எங்கள் பார்பேரியன் (ஆவேசப் போராளி) கீழே வந்தார்.

தொல்லை அடுத்த டர்னில். கை இரண்டும் காலி, உருவ முடிவது ஒன்றுதான். 2024 விதிகளில் எறி ஆயுதம் எதுவானாலும் எறியும்போதே உருவலாம் என்று மாற்றிவிட்டார்கள். பார்பேரியனுக்கு ஆவேசத்தில் கூடும் ரேஜ் டேமேஜும் ஸ்ட்ரெங்தில் எறியும் ஆயுதத்துக்குச் சேர்கிறது. அதைப் படித்ததிலிருந்து எங்கள் பார்பேரியன் கைக்கோடரிகளாக வாங்கிக் குவிக்கிறார். அடுத்த சனிக்கிழமை ஆட்டம், நடந்ததை வந்து எழுதுகிறேன்.