கடலூர் முதுநகரில் தீயணைப்பு நிலையம்: கதவு, தரைமட்டம், சாய்வுதளம்

கெடிலக்கரை:
முதுநகர் பக்கம் மூன்று வண்டிகள் நிற்கும் தீயணைப்பு நிலையத்துக்கு வரைபடம் போடுகிறோம். வெள்ளத்துக்காகத் தரையைச் சாலையைவிட 1 மீட்டர் உயர்த்தியிருக்கிறோம். சாலைக்கும் முகப்புக்கும் நடுவே 18 மீட்டர். கதவு 3.6 மீ அகல மோட்டார் ரோலிங் ஷட்டர். கான்கிரீட் எம்25 (எம் எண் கூடினால் வலிமை கூடும்). ஜெனரேட்டர் பின்புறம் தரையில். எதை மாற்றலாம்?

புதுவை ஸ்ட்ரக்சுரல்:
முதலில் கதவு. நம் கரையோரத்துக்கு காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 பகுதி 3 தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீ. இதைச் சில காரணிகளால் பெருக்க வேண்டும். புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டடம் என்பதால் கே1 (கட்டடத்தின் ஆபத்துக் காரணி) 1.08, கே4 (புயல் முக்கியத்துவக் காரணி) 1.30. திறந்த கடலோரத்துக்கு கே2 (நிலப்பரப்பு, உயரக் காரணி) 1.05. பெருக்கினால் 73.7 மீ, அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 3.26 கிலோநியூட்டன். கே4-ஐ விட்டுவிட்டால் 1.93-தான் வரும். பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

4 மீ அகலம், 4.25 மீ உயரக் கதவென்றால் அதன்மேல் ஐந்தரை டன் விழும். சாதாரண ஷட்டரின் பட்டைகள் வளைந்து பக்கத் தடத்திலிருந்து கழன்றுவிடும். காற்று உள்ளே புகுந்ததும் கூரையை அடியிலிருந்து தூக்கும். கதவு தாங்கினாலும் வண்டி கிளம்பிய பின் அது திறந்தேதான் கிடக்கும். அதனால் உள்ளழுத்தக் குணகத்தை (காற்றழுத்தத்தில் எவ்வளவு பங்கு உள்ளேயும் செயல்படும் என்ற எண்) ±0.7 என்றே எடுங்கள்.

ஷட்டருக்குப் பதில் கையால் திறக்கும் நான்கு இலை மடிப்புக் கதவு, ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) இரும்பில். புயலன்று மின்சாரம் இருக்காது. சங்கிலியை இழுத்து ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். திறந்த இலைகளைப் பிடிக்கத் தரையில் பூட்டுக்கம்பி அவசியம். 3.6 மீ அகலம் போதாது. 4 மீ வையுங்கள். வண்டிகளின் மையத்துக்கு மையம் 5 மீ, வண்டியறையின் முன்பின் நீளம் 12 மீ.

கெடிலக்கரை:
நன்றி சார். கூரையை இரும்பு ஷீட்டில் நினைத்திருந்தோம். சாலையிலிருந்து கதவுவரை வரும் சாய்வுதளத்துக்குச் சாய்வு எவ்வளவு கொடுக்கலாம்?

வண்டிப்பாதை:
சாய்வை 18 மீட்டரிலும் ஒரே சீராகக் கொடுக்காதீர்கள். கதவை ஒட்டி 4 மீட்டருக்கு 50-க்கு 1, வெளிப்பக்கம் தாழ்வாக. மழைநீர் உள்ளே வராது. சாலையோரம் 2 மீட்டர் சமதளம். ஓட்டுநர் நின்று இருபுறமும் பார்க்க வேண்டும். நடுவில் மிஞ்சும் 12 மீட்டரில் 92 செ.மீ ஏறும், அதாவது சுமார் 13-க்கு 1. பெரிய வண்டிக்கு இது சரி. சாய்வு மாறும் இரண்டு இடங்களிலும் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தரையில் உரசும்.

4,500 லிட்டர் தண்ணீர் மட்டுமே நாலரை டன். உள்தரை எம்30-ல் 200 மி.மீ, கீழே 100 மி.மீ லீன் கான்கிரீட் (சிமென்ட் குறைந்த கலவை). தரைச்சாய்வு 100-க்கு 1, முன்பக்க வடிகாலுக்கு. வடிகால் மூடி கனரக வகை. லேசானது சக்கரத்தடியில் நொறுங்கும்.

புதுவை ஸ்ட்ரக்சுரல்:
ஷீட் வேண்டாம். 150 மி.மீ ஆர்சிசி ஸ்லாப் சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன் எடையோடு உட்காரும். அதன்பிறகும் மேல்தூக்கு விசையைச் சரிபாருங்கள். நிலநடுக்கக் கணக்கில் முக்கியத்துவக் காரணி (அவசியக் கட்டடங்களுக்கு விசையைக் கூட்டிக் கணக்கிடும் எண்) 1.5.

உப்புக்காற்று:
எம்25 இங்கே எடுபடாது. கான்கிரீட்டுக்கான தரநிலை ஐஎஸ் 456 படி கடலோரத்துக்குக் குறைந்தது எம்30, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 45 மி.மீ. அலைத்தூவல் படும் முகத்துக்கு எம்35, 50 மி.மீ. இரண்டிலும் நீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது. கம்பியைத் தாங்கி அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்கை கான்கிரீட்டிலேயே வார்த்துக்கொள்ளுங்கள். ஜல்லித் துண்டு வைத்தால் கம்பி அங்கிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும்.

ஜெனரேட்டர், வயர்லெஸ் அறை இரண்டும் முதல் மாடிக்கு. நிலத்தடித் தொட்டியின் வாயை வெள்ள மட்டத்துக்கு மேலே 60 செ.மீ உயர்த்துங்கள். ஓய்வறைக்கும் வண்டியறைக்கும் நடுவே இரட்டைக் கதவு இருந்தால்தான் டீசல் புகை தூங்குபவர்களை எட்டாது. சிப்காட் தொழிற்பேட்டை அருகில் என்பதால், ரசாயனத் தீயை அணைக்கும் நுரைக் கரைசல் பீப்பாய்களுக்கு வண்டியறையை ஒட்டியே தனி அறை ஒதுக்குங்கள், வெயில் படாமல்.