மன்னித்தால்தான் காயம் ஆறுமா?

கேள்வி: சிறுவயதில் உறவினர் ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளான என் அக்கா, நடுவயதில்தான் அதை வாய்திறந்து சொன்னார். சபையில் ஆலோசனை தரும் பெரியவர், ஜெபித்து மன்னித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். அக்காவோ அன்றிலிருந்து உறக்கமின்றித் தவிக்கிறார். விசுவாசத்தை விடாமலேயே தகுந்த உதவி கிடைக்குமா?

பதில் 1: கிடைக்கும். ஆனால், மன்னிப்பை முதல் நிபந்தனையாக வைப்பவரிடம் இப்போது செல்ல வேண்டாம். வேதாகமத்தின் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில், பாலியல் வன்முறைக்கு ஆளான தாமாரை மவுனமாயிருக்கச் சொன்னவன் அவளுடைய சகோதரன் அப்சலோம்தான். வேதமோ அவள் மறுத்துப் பேசியதையும், தலையில் சாம்பலைப் போட்டுச் சத்தமிட்டு அழுததையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அக்காவின் கோபத்துக்கும் ஜெபத்தில் இடமுண்டு, அது அவிசுவாசமல்ல.

பதில் 2: நான் மனநல ஆலோசகர், விசுவாசியும்கூட. நல்ல ஆலோசகர், ஜெபிக்கலாமா, தலையில் கைவைக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பார். தொடுதலே காயமாக இருந்தவருக்கு இது மிக முக்கியம். உறக்கமின்மைக்கு மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பதில் 3: அந்த உறவினர் இன்றும் குழந்தைகளிடம் தவறாக நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் அழைக்கலாம்.